கூட வந்தவருக்குச் செண்டோல்

கடைக்குள் யார் நுழைந்தாலும் அவர் முதலில் பார்ப்பது மேசைப்பந்து மட்டை வாங்க வந்தவரை அல்ல, கூட வந்தவரைத்தான். ஏற இறங்க ஒரு பார்வை. பிறகு மிகுந்த மரியாதையோடு வெயிலைப் பற்றியோ மழையைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, எதிர்ச்சாரியில் தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் ஊற்றி ஐஸ் போட்டுத் தரும் செண்டோல் கடையைக் காட்டுவார்.

“சார், அங்க செண்டோல் நல்லாருக்கும். ஒன்னு சாப்ட்டு வாங்க. இங்க ஒரு பதினஞ்சு நிமிஷம் ஆவும்.”

கூட வந்தவர் பரவாயில்லை என்பார். நிற்கிறேன் என்பார். இவர் சிரித்த முகத்தோடு அசையாமல் நிற்பார். அலமாரியிலிருந்து ஒரு மட்டையும் வெளியே வராது. கடைசியில் கூட வந்தவர் தெருவைக் கடந்து செண்டோல் கடைக்குப் போகத்தான் வேண்டும். கணவன், அப்பா, மேலதிகாரி, சிநேகிதி என்ற வேறுபாடெல்லாம் அவரிடம் கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில், மலாக்கா பழைய டவுனில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் அவர் வேலை பார்த்தார். முன்பக்கம் காலணியும் ஜெர்சியும். அங்கே தௌகே, அதாவது சீன முதலாளி, கல்லாவில் உட்கார்ந்திருப்பார். பின்பக்கம் பூப்பந்து மட்டைக்கு நரம்பு கட்டும் இயந்திரம், அதற்கும் பின்னால் மேசைப்பந்து அலமாரி. அதுதான் அவருடைய ராஜ்யம். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெள்ளைப் பந்து இருக்கும். குனியும்போது அது வெளியே விழும். பார்க்காமலே பிடித்து மறுபடியும் பைக்குள் போட்டுக்கொள்வார். நாங்கள் எல்லாரும் ‘அண்ணே’ என்றோம். தௌகேயும் அவர் பாணியில் ‘ஆனே’ என்றுதான் கூப்பிடுவார். பெயரை நான் கேட்டதே இல்லை. இப்போது அது ஒரு குறையாகத் தெரிகிறது.

அவரை இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக நினைத்ததில்லை. இப்போது மூன்று வாரமாக நினைக்கிறேன். காரணம் என் மகள்.

அவளுக்குப் பதினாறு வயது. மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, மாநிலப் பள்ளி அணிக்கான தேர்வு ஆட்டம். இரண்டாவது செட்டில் சர்வீஸ் போட உள்ளங்கையில் பந்தை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பந்து உருண்டு கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கக் குனியவில்லை. மேசைக்கால் பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். மூச்சு உள்ளே போகவில்லை. நான் பார்வையாளர் வரிசையிலிருந்து எப்படி இறங்கினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. செருப்பு ஒன்று மேலேயே கிடந்ததாகப் பிறகு யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இதயத்தில் ஒன்றும் இல்லை, பதற்றம்தான் என்றார் மருத்துவர். அன்றிலிருந்து அவளுடைய மட்டை காரின் பின்பெட்டிக்குள் கிடந்தது. அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பள்ளிக்குப் போனாள், சாப்பிட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். விளையாட்டுப் பேச்சை எடுத்தால் மட்டும் அறைக்குள் போய்விடுவாள். ஆறு வயதில் சாப்பாட்டு மேசையில் புத்தகத்தால் பந்து தட்டியவள். இனி அவள் அதைத் தொடவே மாட்டாளோ, அன்று அங்கே என்ன ஆயிற்று என்று என்னிடம் சொல்லவே மாட்டாளோ என்பதுதான் என் பயமாக இருந்தது. குளியலறைக்குள் பத்து நிமிடம் சத்தம் இல்லையென்றால் போய்க் கதவைத் தட்டுவேன். “இருக்கேன்மா” என்பாள், சலிப்போடு.

அந்த மட்டையை வாங்கியது நான். உள்ளே கார்பன் அடுக்கு வைத்தது, தொட்டாலே பந்து பறக்கும். மாநில அளவில் ஆடுபவர்கள் வைத்திருப்பது. இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்று பயிற்சியாளர் சொன்னார். எங்கள் வீடுகளில் பள்ளிச் சீருடையை இரண்டு அளவு பெரிதாக எடுக்கும் வழக்கம் உண்டு. பிள்ளை வளர்ந்து அதற்குள் வந்து சேர்ந்துவிடும் என்று கணக்கு. மட்டையையும் நான் அந்தக் கணக்கில்தான் வாங்கினேன்.

இந்தக் கணக்குக்கு அந்தக் கடை அண்ணே ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறார். அதையும் என் முன்னால்தான் சொன்னார்.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. அலோர் காஜா பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்து, புக்கிட் காத்திலில் அக்கா வீட்டில் தங்கி, ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் ஸ்டோரில் குமாஸ்தாவாக இருந்தேன். வேலை முடிந்ததும் கேன்டீன் பக்கத்து அறையில் பிங்பாங். புதிதாக வருபவர்களை ஜெயித்துவிடுவேன். நன்றாக ஆடுபவர்களிடம் தோற்றுவிடுவேன். எங்கள் லைன் லீடரான சீனப் பெண்ணிடம் மட்டும் மூன்று புள்ளிக்குமேல் எடுத்ததே இல்லை. அவளிடம் இருந்தது போன்ற வேகமான மட்டை கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். தொழிற்சாலைகளுக்கிடையிலான போட்டிக்கு என் பெயரும் போயிருந்தது.

அக்காவின் கணவர்தான் மோட்டார் சைக்கிளில் அந்தக் கடைக்குக் கூட்டிவந்தார். மாமா என்று கூப்பிடுவேன். டவுன் பஸ் ஓட்டுநர். எனக்காகப் பேசுவதைத் தன் பொறுப்பு என்று நினைத்தவர்.

“தங்கச்சி எப்படி ஆடுவீங்க?” என்று கடை அண்ணே என்னைத்தான் கேட்டார்.

“நல்லா அடிக்கும் லா,” என்றார் மாமா. “கொஞ்சம் பயந்துக்கும். அவ்வளவுதான்.”

அவர் மாமாவைப் பார்த்துச் சிரித்தார். “அண்ணே, வெயில்ல வந்திருக்கீங்க. எதுத்தாப்ல செண்டோல்...”

“எனக்கு இனிப்பு ஆவாது.”

“சீனி கம்மியா போடச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

மாமா போனபிறகு கடை பெரிதானதுபோல் இருந்தது. பின்னால் சுவரோடு ஒரு மேசை கிடந்தது. என் பழைய மட்டையை வாங்கி, கட்டைவிரலால் ரப்பரைத் தேய்த்துப் பார்த்தார். பந்தைத் தேய்த்துப் பார்த்தார். “சவுக்காரம் மாதிரி வழுக்குது,” என்றார். பிறகு கேட்டார்.

“எங்க தப்புது?”

எல்லாரும் எந்த அடி நன்றாக வரும் என்றுதான் கேட்பார்கள். இப்படி ஒருவர் கேட்டு நான் கேட்டதில்லை. “நெட்லதாண்ணே,” என்றேன்.

அவர் எதிரே நின்று பந்துகளைப் போட்டுத் தந்தார். நான் அடித்தேன். ஒவ்வொன்று தப்பும்போதும் ஒரு அட்டைப்பெட்டியின் மேல் சாக்பீஸால் கோடு போட்டார். நெட்டுக்கு ஒரு பக்கம், மேசைக்கு வெளியே போனதற்கு ஒரு பக்கம். ஐம்பது பந்து முடிந்ததும் பெட்டியைத் திருப்பிக் காட்டினார். நெட்டில் ஐந்து. வெளியே பதினேழு.

“நெட்ல விழுந்தா தெரியும், கண்ணு முன்னாடியே நிக்கும். வெளிய போறது அது பாட்டுக்கு போயிருது. அதான் உங்களுக்கு ஞாபகமில்ல.”

“அப்ப வேகமா ஒரு பேட் எடுத்தா?”

“இன்னும் தூரமா போயி விழும்.” சட்டைப் பையிலிருந்து விழுந்த பந்தைப் பிடித்துக்கொண்டார். “வேகம் உங்க கையில ஏற்கெனவே இருக்கு தங்கச்சி. பந்து ரப்பர்ல கொஞ்சம் ஒட்டி, சுத்திக்கிட்டு போவணும். அதுதான் இல்ல.”

ரப்பர் ஒட்டாத வெறும் மரக்கட்டைகள் ஏழெட்டை மேசைமேல் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாய்ப் பிடிக்கச் சொன்னார். எதைப் பிடித்திருப்பது மறந்துபோகிறதோ அதை எடுங்கள் என்றார். எனக்கு நான்காவது மறந்தது. கைப்பிடி அடியில் லேசாக விரிந்த, ஐந்து அடுக்கு மரக்கட்டை. வேறு எந்த ஜோடனையும் இல்லை. அதற்கு நன்றாகப் பிடிக்கும் ரப்பராக இரண்டு தேர்ந்தெடுத்தார். அடியில் உள்ள ஸ்பாஞ்சு ரொம்பத் தடித்ததும் இல்லாமல், மெலிந்ததும் இல்லாமல். தடித்தது எடுத்தால் இப்போதைக்கு அது உங்களை ஆட்டும் என்றார்.

மாமா திரும்பி வந்தார். முகம் குளிர்ந்திருந்தது. (இரண்டு கிண்ணம் சாப்பிட்டதை அக்காவிடம் சொல்லவேண்டாம் என்று வழியில் கேட்டுக்கொண்டார்.) மரக்கட்டையைப் புரட்டிப் பார்த்தார்.

“என்னாங்க இவ்வளவு சாதாவா இருக்கு? பெரிய ஆளுங்க வச்சிருக்கறதா குடுங்க. பின்னாடி பழகிக்கும் லா.”

“சட்டைய பெரிசா எடுக்கலாம்ணே. கைய மடிச்சு விட்டுக்கலாம்,” என்றார் அவர். “பேட்ட எங்க மடிக்கறது?”

மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ரப்பரை மரத்தில் ஒட்ட அவர் ஒரு போத்தலை எடுத்தார். மூடியைத் திறந்ததும் எனக்கு மூக்கு எரிந்தது. அந்த வாசனையை எங்கே இருந்தாலும் கண்டுபிடிப்பேன். “அண்ணே, இது பால் ஸ்டோர் வாசன,” என்றேன். ரப்பர்ப் பால் உறையாமலிருக்கத் தோட்டத்தில் ஊற்றும் அம்மோனியா. அவருடைய மச்சான் ஒரு தோட்டத்தில் பால் ஸ்டோரில் வேலை செய்தார், மாதம் ஒரு போத்தல் வரும் என்றார். தூரிகையால் மெல்லப் பூசி, வெள்ளை நிறம் போய் கண்ணாடியாகும்வரை காத்திருந்து, இரண்டையும் சேர்த்து அழுத்தினார். நான் தோட்டத்துப் பிள்ளை என்று அவருக்கும், அவர் தோட்டத்து ஆள் என்று எனக்கும் அந்த வாசனையில்தான் தெரிந்தது.

அந்தத் தைரியத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். மூன்று மாதம் கழித்து ரப்பரின் ஓரம் கிளம்பியபோது, நானே ஒட்டிக்கொள்ளலாம் என்று தோட்டத்திலிருந்து சித்தி மகளைப் பால் கொண்டுவரச் சொன்னேன். அவள் மரத்துக் கோப்பையிலிருந்து அப்படியே போத்தலில் பிடித்து பஸ்ஸில் கொண்டுவந்தாள். வீட்டுக்கு வரும்போதே பாதி திரிந்திருந்தது. நான் விடவில்லை, கட்டியும் கூழுமாக அள்ளிப் பூசி ஒட்டினேன். மறுநாள் ரப்பர் அம்மை போட்டது போல் இருந்தது.

கடைக்குக் கொண்டுபோனேன். அவர் ஒரு விரலால் மேடுகளையெல்லாம் தடவிப் பார்த்தார்.

“மருந்து ஊத்தல?”

“இல்லண்ணே.”

“தோட்டத்துல பொறந்துட்டு?”

“எங்கம்மா என்ன பால் மரத்துப் பக்கமே விடலண்ணே. படி படின்னு வீட்லயே வச்சிருந்தாங்க.”

“நல்ல அம்மா,” என்றார். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். கட்டிகளை விரலால் உருட்டி உருட்டி எடுத்து, மரத்தைச் சுத்தம் செய்து, மறுபடியும் ஒட்டித் தந்தார். அன்று நான் தனியாகத்தான் போயிருந்தேன். ஆகவே யாரும் செண்டோல் சாப்பிடவில்லை.

ஒரு முறை நான் இருக்கும்போது ஆசிரியத் தம்பதி ஒன்று வந்தது. மனைவிக்கு மட்டை. கணவர் செண்டோல் கடைக்குப் போக மறுத்து, சரி வாசலில் நிற்கிறேன் என்று கண்ணாடிக்கு வெளியே நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா பந்தை ஒருமுறை பார்ப்பார், கண்ணாடியை ஒருமுறை பார்ப்பார். எட்டுப் பந்தில் எட்டும் தப்பியது. இவர் போய், ஜெர்சிகள் தொங்கிய சக்கரத் தாங்கியை உருட்டிக்கொண்டு வந்து கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினார். வெளியே கணவர் இடப்பக்கம் நகர்ந்தார். இவர் தாங்கியை இடப்பக்கம் நகர்த்தினார். கல்லாவிலிருந்து தௌகே தலையில் அடித்துக்கொண்டார். அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்து, சிரித்துக்கொண்டே அடித்த பந்து மேசை மூலையில் போய் விழுந்தது.

“பாத்தீங்களா டீச்சர்,” என்றார் அவர். “இதுதான் உங்க கை. இதுக்குத்தான் பேட்டு.”

அவர் ஆடி யாரும் பார்த்ததில்லை. பந்து போட்டுத் தருவார், அவ்வளவுதான். மதிய இடைவேளையில் ஒருநாள் நான் சீக்கிரம் போய்விட்டேன். கடை பாதிக் கதவு இறக்கியிருந்தது. உள்ளே இடைவிடாத சத்தம். குனிந்து பார்த்தேன். மேசையின் ஒரு பாதியைச் செங்குத்தாக நிறுத்தி, அதற்கு எதிராக ஒற்றை ஆளாக ஆடிக்கொண்டிருந்தார். நான் அதுவரை அப்படி ஓர் ஆட்டத்தை நேரில் பார்த்ததில்லை. எங்கள் லைன் லீடரெல்லாம் அவர் பக்கத்தில் நிற்க முடியாது. கால்கள் தரையில் இருப்பதே தெரியவில்லை. என் நிழல் உள்ளே விழுந்திருக்க வேண்டும். அடுத்த பந்து மட்டையின் விளிம்பில் பட்டுத் தெறித்தது. அதற்கடுத்ததை நேரே நெட்டில் அடித்தார். மட்டையை மேசைமேல் வைத்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டார்.

“ஏண்ணே நிறுத்திட்டீங்க? நீங்க போட்டிக்கெல்லாம் போவலாமே.”

“போனேன் தங்கச்சி. பள்ளிக்கூடத்துல. எங்கப்பா லீவு போட்டுட்டு வருவாரு, ஒரு ஆட்டம் விடமாட்டாரு.” துண்டால் கழுத்தைத் துடைத்தார். “நல்ல மனுஷன். சத்தம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு சத்தம். தப்புனா ஒன்னு, விழுந்தா ஒன்னு. அவரு போயி பத்து வருஷமாச்சு. இன்னும் யாராச்சும் நின்னு பாத்தா எனக்கு அது கேக்கும்.”

பிறகு பந்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என்ன வேண்டும் என்று கேட்டார்.

தொழிற்சாலைப் போட்டியில் நான் இரண்டு ஆட்டம் ஜெயித்து மூன்றாவதில் தோற்றேன். மாமா வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவருக்கு வருத்தம்தான். மறுவருஷம் ரப்பர் மாற்றப் போனபோது கடையில் அண்ணே இல்லை. “ஆனே சூடா பிண்டா,” என்றார் தௌகே. இடம் மாறிவிட்டாராம், ஜொகூர் பக்கம். அதற்குமேல் தௌகேக்கும் தெரியவில்லை. எதிரே செண்டோல் கடையில், இப்போதெல்லாம் கூட்டம் குறைந்துவிட்டது என்று சொன்னார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, இப்போது அலோர் காஜாவில் இருக்கும் அக்காவைப் பார்க்க மகளும் நானும் காரில் போனோம். வழியில் பேச ஒன்றுமில்லாமல்தான் இவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். மாமாவின் இரண்டு கிண்ணம், அம்மை போட்ட ரப்பர். ஜெர்சித் தாங்கி வந்தபோது அவள் சிரித்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அந்தச் சத்தம். எனக்குக் கண்ணை மறைத்தது. வண்டியை ஓரம் கட்டவேண்டியிருந்தது. அவருடைய அப்பா போட்ட சத்தத்தைப் பற்றிச் சொன்னபோது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நான் சத்தமெல்லாம் போட்டதில்லையே,” என்றேன். அதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பிறகு அவர் கேட்ட கேள்வியைக் கேட்டேன். “உனக்கு எங்க தப்புதும்மா?”

லாரிகள் கடந்து போய்க்கொண்டிருந்தன.

“நெட்ல இல்ல. வெளியவும் இல்ல,” என்றாள். “நீங்க உக்காந்திருக்கற பக்கம் பாத்தேன்னா தப்புது.”

“நான் ஒன்னுமே சொல்றதில்லையேம்மா.”

“ஒன்னுமே சொல்லமாட்டீங்க. ஹேண்ட்பேக்க இப்படிப் பிடிச்சுக்குவீங்க.” இரண்டு கைகளாலும் சீட் பெல்ட்டைப் பற்றி, விரல்முட்டி வெளுக்க இறுக்கிக் காட்டினாள். “அன்னிக்கு சர்வீஸ் போடறப்ப பாத்தேன். அந்த பேட்டு வேற. நீங்க எவ்வளவு தேடி வாங்குனீங்க. எனக்கு அது இன்னும் வரலம்மா. எப்படி சொல்றது?”

நான் ஸ்டீரிங்கைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தேன். முட்டிகள் வெளுத்திருந்தன. மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அக்கா வீட்டுக்கு அன்று தாமதமாகத்தான் போனோம்.

நேற்றுச் சாயங்காலம் அவளாகவே கேட்டாள், புக்கிட் காத்தில் பொது மண்டபத்தில் கொண்டுபோய் விடமுடியுமா என்று. அங்கே அக்கம்பக்கத்தார் வந்து ஆடுவார்கள், போட்டியெல்லாம் இல்லை. போய்ச் சேர்ந்ததும் காரின் பின்பெட்டியைத் திறந்தாள். உறையோடு மட்டையை எடுத்து, கொஞ்சநேரம் கையில் வைத்திருந்தாள். திரும்ப உள்ளேயே வைத்தாள்.

“மண்டபத்துல பழைய பேட் இருக்கும் லா. அது போதும்.”

நானும் இறங்கினேன். அவள் நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள்.

“இங்க பக்கத்துல செண்டோல் எங்க கிடைக்கும்?” என்றேன்.

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு தெருவின் அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். “செண்டோல் இல்ல. தே ஓ ஐஸ்தான் கிடைக்கும்.”

கைப்பையைக் காரிலேயே வைத்துவிட்டு எதிர்க் கடைக்குப் போனேன். மண்டபத்துக்கு முதுகு காட்டும் நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன். பின்னால் பந்துகளின் சத்தம் கேட்டது. இரண்டு மூன்று மேசை, எது யாருடையது என்று தெரியவில்லை. ஒருமுறை எல்லாம் நின்றது. நான் எழுந்திருக்கவில்லை. நின்ற இடத்திலிருந்து மறுபடியும் தொடங்கியது. யாரோ சிரித்தார்கள். அது அவளா என்று திரும்பிப் பார்க்காமல் இருந்ததில் எனக்குக் கழுத்து வலித்தது.

பால் ஊற்றாத தேநீர்க் குவளை காலியாகி ஐஸ் மட்டும் கிடந்தது. கடைக்காரத் தம்பி வந்து நின்றார்.

“யாருக்குக்கா வெயிட் பண்றீங்க?”

“யாருக்கும் இல்ல தம்பி,” என்றேன். “இன்னொன்னு குடுங்க. சீனி கம்மியா.”